கேளு என்றார் பாட்டு சார்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு சாருக்கு எண்பத்தைந்து வயது முடிகிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து கோவில்பட்டியில் மண்டபம் பிடித்து விழா எடுக்கிறோம். விழா என்றால் மலர் ஒன்று போட வேண்டும் என்று சுல்தான் முடிவு செய்துவிட்டான். சுல்தான் என் வகுப்புத் தோழன். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன், எதையும் அளந்து கிழித்தால்தான் அவனுக்குத் திருப்தி.

"ஏலே சம்முவம், நாலு பக்கம் எழுது. சாரால நீ என்ன ஆனேங்கிறதை எழுது. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று போனில் உத்தரவு போட்டான்.

மாதிரிக்கு மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையும் அனுப்பி வைத்தான். படித்துப் பார்த்தேன். பாட்டு வகுப்பு என்றாலே சுவர் ஏறிக் குதித்து மேட்னி ஷோவுக்குப் போன ஒருவன், இசை தன் மூச்சு என்று எழுதியிருக்கிறான். சாரின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்ட இன்னொருவன், சாரின் காலடி மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு வளர்ந்தானாம். கிடக்கட்டும், விழா மலரில் பொய் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

நான் முப்பத்து நாலு வருஷம் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆய்வாளர் என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஊசி போடுகிறவன். டாக்டர் வருவதற்கு முன்னால் ஊருக்குள் போகிறவனும் அவன்தான், டாக்டர் போன பிறகு ஊரில் திட்டு வாங்குகிறவனும் அவன்தான். விளாத்திகுளம் பக்கம் எனக்கு ஒரு பேர் உண்டு. ஆட்டு நெஞ்சில் காதை வைத்தால் போதும், நோயைச் சொல்லிவிடுவார் என்பார்கள். அந்தக் காது பாட்டு சார் கொடுத்தது என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சுல்தான் எதிர்பார்ப்பதும் அந்தக் கதையைத்தான்.

ஆனால் அந்தக் காதை நம்பியே ஒருத்தியின் ஆடுகளைச் சாகவிட்டேன். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் சுவர் ஏறிக் குதித்தவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

பாட்டு சார் ஒல்லியான ஆள். சுருதிப்பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். பெட்டிக்கு ஒரு துண்டு போர்த்தியிருப்பார், தன் தலைக்கு ஒன்றும் போடமாட்டார். எங்கள் ஊர் வெயிலில் இது எந்த வகைப் புத்தி என்று மற்ற வாத்தியார்கள் கேட்பார்கள். "என் மண்டைக்குச் சுருதி மாறாது, பெட்டிக்கு மாறும்" என்பார். அடிக்கத் தெரியாத வாத்தியார். சேட்டை செய்கிற பையனைக் கூப்பிட்டு வாயில் ஒரு கடலைமிட்டாயைப் போட்டுவிடுவார். கடலைமிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டால் அரைமணி நேரத்துக்குப் பேச்சு வராது என்பது அவர் கணக்கு. இந்த ரகசியம் தெரிந்த பிறகு நாற்பது பேரும் சேட்டை செய்தோம். பாட்டு வகுப்பில் பாட வாய் கிடைக்காமல் போனதற்கு எங்கள் ஊர் மிட்டாயும் ஒரு காரணம்.

புதன்கிழமை கடைசிப் பிரியட் எங்களுக்குப் பாட்டு. சார் பெட்டியின் துருத்தியை அசைத்துச் சுருதியை எழுப்புவார். எழுப்பிவிட்டுச் சும்மா இருப்பார். வாத்தியார் சும்மா இருந்தால் பையன்களுக்கு நெளிச்சலாக இருக்கும். கனைத்துப் பார்ப்போம், ஜன்னலைப் பார்ப்போம். அவர் அசையமாட்டார். கடைசியில் யாராவது ஒருவன் மெல்ல முனக ஆரம்பிப்பான், அப்புறம் இன்னொருவன். எல்லாக் குரலும் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சார் முகத்தில் சிரிப்பு வரும். சில நாள் அதற்குள்ளேயே மணி அடித்துவிடும், பாட்டே பாடாமல் வீட்டுக்குப் போவோம்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் தனித்தனியாகப் பாடச் சொன்னார். என் முறை வந்தது. எழுந்து நின்று தொண்டையைத் திறந்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது, சுல்தான் பெஞ்சில் விழுந்து சிரித்தான். சார் சிரிக்கவில்லை. துருத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"ஏலே சம்முவம், நீ இப்பப் பாட வேண்டாம். முதல்ல கேளு. அப்புறம் பாடு."

சரி சார் என்று உட்கார்ந்தேன். அன்றிலிருந்து கேட்டேன். இரண்டு வருஷம், புதன்கிழமை தவறாமல், வாயைத் திறக்காமல் கேட்டேன். மற்றவர்கள் பாடுவார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். யார் குரல் எங்கே சறுக்குகிறது, யார் அடுத்தவன் குரலுக்குள் ஒளிந்துகொள்கிறான், யாருக்குச் சளி என்று எல்லாம் பிடிபட்டது. சார் என்னை அடிக்கடி பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், கேட்கிறேன் சார் என்று அர்த்தம். அவரும் ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார். அந்த "அப்புறம்" வரவே இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை. நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேரைப் பாடவும் ஒருவனைக் கேட்கவும் சார் நியமித்திருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தோடுதான் வேலைக்கும் வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகத்தில் ஆட்டுக்கு நான்கு கால் என்று போட்டிருந்தது, கிராமத்துக்கு வந்த பிறகு நான்கையும் ஒரே நேரத்தில் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிளை நிலையத்தில் போட்டார்கள். கொடுத்த ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர் குழாயை முதல் வருஷமே எலி கடித்துவிட்டது. அதற்குப் பதிலாக நேராகக் காதையே வைக்க ஆரம்பித்தேன்.

அதற்கு ஒரு முறை உண்டு. ஆட்டைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தி, என் முழங்காலால் அணைத்துக்கொள்வேன். முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் ரோமத்தை இரண்டு விரலால் விலக்கி, அங்கே காதை ஒட்ட வைப்பேன். முதலில் வலது பக்கம், மேலிருந்து கீழே மூன்று இடம். அப்புறம் இடது. நல்ல நெஞ்சில் காற்று போய் வருவது தெரியும், அவ்வளவுதான். சளி கட்டிய நெஞ்சில் காதோரம் தலைமுடியைத் தேய்த்தது மாதிரி நறநறவென்று ஒரு சத்தம் வரும். காதை வைத்தவுடன் வலது கையைத் தூக்கிவிடுவேன். யாரும் பேசக் கூடாது என்று அதற்கு அர்த்தம். கையைத் தூக்கினால் பட்டியே அடங்கிவிடும். பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், சேவலைக்கூட விரட்டிவிடுவார்கள். ஒரு ஊரில் மைக்செட்டை நிறுத்தினார்கள், அதுவும் கோயில் கொடை நடக்கிற நேரத்தில். இதைவிட ஒரு அரசு ஊழியனுக்கு என்ன மரியாதை வேண்டும்?

என் காதைக் கண்டு மயங்காத ஒரே ஆள் டாக்டரம்மாதான். மேற்கே எங்கிருந்தோ மாறுதலாகி வந்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், எனக்கு மேலதிகாரி. அவருக்குக் கேள்வி கேட்கிற வியாதி. மாட்டுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருவர் வந்து நின்றால், மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார். உங்கள் பேர் என்ன, எந்த ஊர், மழை உண்டா, காட்டில் மிளகாய் போட்டீர்களா, மாடு நேற்று எங்கே மேய்ந்தது, தண்ணீர் எங்கே குடித்தது, பக்கத்து வீட்டு மாடு எப்படி இருக்கிறது. வெளியே நாலு பேர் கால் மாறி நிற்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவர் அசரமாட்டார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னை "வித்வான்" என்றுதான் கூப்பிடுவார். "என்ன வித்வான், கச்சேரி முடிஞ்சுதா? அவங்க என்ன சொன்னாங்க?" என்பார். ஆடு சொல்லிவிட்டது மேடம் என்பேன் நான். அதற்கு அவர் சிரித்ததே இல்லை.

ஒருத்தி என்று சொன்னேனே, இனி அந்தப் பேச்சியின் விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரு கார்த்திகை மாதம். நாலு நாளாக விடாத மழை. கரிசல்காட்டில் மழை பெய்தால் மண் ஆளை விடாது. வண்டிச் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவில் களிமண் ஏறி அடைத்துக்கொள்ளும், பத்தடிக்கு ஒருமுறை குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். அப்படிக் குத்தி எடுத்து, பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் பேச்சியின் ஆட்டுப் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். பேச்சிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வடக்கே போனால் வர ஒரு மாதம் ஆகும். எண்பது ஆட்டையும் அவள் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு ஆடுதான் எல்லாம். மானாவாரி நிலம் மழையை நம்பும், அவர்கள் ஆட்டை நம்பினார்கள்.

ஐந்து ஆடுகளுக்கு இருமல் என்றாள். சுவரோரம் சாய்த்துக் காதை வைத்தேன். கையைத் தூக்கினேன். பேச்சி ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். நறநறச் சத்தம் தெளிவாகக் கேட்டது. மழைக் குளிர், நெஞ்சுச் சளி என்று சொல்லி ஊசி போட்டேன். காற்று வருகிற பக்கம் சாக்குப் படுதா கட்டு, தரையில் சாம்பல் தூவு என்றேன். இதெல்லாம் சரியான வைத்தியம்தான்.

மறுநாள் இருபது ஆடுகள் இருமின. இரண்டு செத்துக் கிடந்தன. கொள்ளைநோயாக இருக்குமோ என்று பயந்து ஒவ்வொரு வாயையும் திறந்து பார்த்தேன். புண் இல்லை. கழிச்சல் இல்லை. காய்ச்சலும் பெரிதாக இல்லை. மறுபடியும் காதை வைத்தேன். ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லா ஆட்டுக்கும் சத்தம் ஒரே இடத்தில், வலது பக்கம், முன்னால், கீழே. இத்தனை வருஷத்தில் அப்படி நான் கேட்டதில்லை. அடடா, எவ்வளவு நுட்பமாகப் பிடித்துவிட்டோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஏன் அங்கே மட்டும் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை. மருந்தை மாற்றிப் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் செத்தது மொத்தம் ஆறு ஆகியிருந்தது. நான்காம் நாள் அது ஒன்பது ஆயிற்று. அதற்கு மேல் என் கர்வம் தாங்கவில்லை, டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

அவர் டிராக்டரில் ஏறி வந்து இறங்கினார். ஆட்டைப் பார்க்கவில்லை. ஒரு சாக்கை எடுத்து ஈரத்தரையில் போட்டு உட்கார்ந்தார். பேச்சியும் வேறு வழியில்லாமல் எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் எத்தனை, மூத்தவள் என்ன படிக்கிறாள், அந்தக் கொம்பு முறிந்த கிடாய்க்குப் பேர் வைத்திருக்கிறாயா என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடு செத்துக்கொண்டிருக்கிறது, கிடாய்க்குப் பேர் என்ன என்றா கேட்பது?

அப்புறம் கேட்டார். "ஆடு இருமினா உங்க பக்கம் என்னம்மா குடுப்பீங்க?"

என்ன கொடுத்தாய் என்று கேட்கவில்லை, உங்கள் பக்கம் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். படுதாவில் மழைச் சத்தம்தான் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துப் பேச்சி சொன்னாள்:

"நல்லெண்ணெய்தான்மா. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, காய்ச்சி ஆற வச்சு ஊத்துவோம்."

"எப்படின்னு காட்டுங்க."

பேச்சி எழுந்தாள். ஒரு பெட்டையை இழுத்துக் காலுக்கு நடுவில் போட்டாள். தாடையைப் பிடித்துத் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கினாள். மூங்கில் குழாயில் எண்ணெயை மொண்டு கடைவாயில் வைத்துச் சாய்க்கப் போனாள். ஆடு கத்தியது. டாக்டரம்மா குழாயைப் பிடித்துக்கொண்டார். "போதும்மா" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையை அவ்வளவு தூக்கி, கத்துகிற வாயில் அவசரமாக ஊற்றினால் எண்ணெய் இரைப்பைக்கா போகும்? புரையேறி நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் என்றால் இருமித் தள்ளிவிடும், எண்ணெய் போன இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மழைக்கு இருமிய ஆடு ஐந்துதான். அந்த ஐந்துக்கும் எண்ணெய், எண்ணெயால் இன்னும் இருமல், இருமல் கூடியதால் இரண்டு வேளை எண்ணெய். நோய் வராத ஆட்டுக்கும் முன்கூட்டியே ஒரு குழாய். ஆறேழு ஆடு என்றால் நிதானமாக ஊற்றியிருப்பாள். மழைக்குள் ஒற்றை ஆளாக எண்பது ஆட்டுக்கு ஊற்றினால் கைக்கு எங்கே நிதானம் வரும்? நான் காலையில் ஊசி போட்டுவிட்டு வருவேன், அவள் சாயங்காலம் எண்ணெய் ஊற்றுவாள். இப்படியே நாலு நாள்.

அன்று காலையில் செத்த ஆட்டை டாக்டரம்மா அறுத்தார். வலது பக்க நுரையீரலில், முன்னால், கீழே, நான் காதை வைத்த அதே இடத்தில் ஒரு துண்டு வெட்டி என் மூக்கருகே நீட்டினார். நல்லெண்ணெய் வாசம் அடித்தது.

"இதை ஏம்மா இவர்கிட்ட சொல்லலை?" என்று பேச்சியைக் கேட்டார்.

"சார்தான் கேட்டுக்கிட்டு இருந்தாவல்லா. நடுவுல எப்படிம்மா பேச?"

"கேட்டாரா?"

"ஆமாம்மா. ஆட்டைக் கேட்டாவ. என்னைக் கேக்கலை."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா அன்று என்னை வித்வான் என்று கூப்பிடவில்லை. எண்ணெயை நிறுத்தச் சொல்லி, மருந்தெழுதிக் கொடுத்துவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எண்ணெய் நின்ற பிறகு புதிதாக எந்த ஆடும் விழவில்லை. விழுந்ததில் பலதும் மெல்லத் தேறின.

நான்தான் தேறவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய்ப் பாட்டு சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். சார் அப்போது ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. தட்டில் காராச்சேவு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். "நீங்க முதல்ல கேளுன்னு சொன்னிய சார். கேட்டுக் கேட்டே இப்படி ஆயிட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

சார் காராச்சேவு தட்டைக் கீழே வைத்தார். "நான் என்னலே சொன்னேன்?"

"முதல்ல கேளு, அப்புறம் பாடுன்னு."

"ஆமா. என்னைக் கேளுன்னேன்."

"சார்?"

"சுருதி எங்க நிக்குன்னு உனக்குப் பிடிபடலை. என்னைக் கேளு, சொல்லுதேன், அப்புறம் பாடுன்னேன். சுல்தான் பய வாரத்துக்கு ஒருதரம் 'சார், சுருதி?'ன்னு கேப்பான்லா? அப்படிக் கேளுன்னேன்."

சுல்தான் அப்படிக் கேட்பது எனக்கு நினைவிருக்கிறது. அது வாய்க்கொழுப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

சார் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அவருக்கே புரையேறிவிட்டது, தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். "ரெண்டு வருஷம்லே! இந்தப் புதங்கிழமை கேப்பான், அடுத்த புதங்கிழமை கேப்பான்னு உன் மூஞ்சியையே பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கிட்டு மண்டையை மண்டையை ஆட்டுத. பய என்மேல ஏதோ கோவமா இருக்கான் போலன்னு விட்டுட்டேன்."

"ஏன் சார் நீங்களே சொல்லித் தொலைக்கலை?"

"நீதான் கேக்கலையே."

நாற்பது பேரில் ஒருவனாக என்னைச் சார் நியமித்த பெருமை அன்றோடு போயிற்று. முப்பது வருஷம் நான் சுமந்து திரிந்தது ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதைத்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்தத் தப்பு எத்தனையோ ஆட்டைப் பிழைக்க வைத்திருக்கிறது. சாரிடம் அதைச் சொன்னேன். அவர் அதில் மயங்கவில்லை.

"அந்தப் பொம்பளைட்ட மறுபடி போனியா?"

"இல்ல சார். எந்த மூஞ்சியோட போக?"

"இருக்கிற மூஞ்சியோட போ. போய்க் கேளு. எப்படிக் கேக்கணும்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் தெரியாது என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நான் சுருதியை எழுப்பிட்டுச் சும்மா இருப்பேன்லா, அது எதுக்குன்னு நினைச்ச? நான் முந்திப் பாடிட்டா பையன் என் குரலைத்தான் பாடுவான். சும்மா இருந்தா, தட்டுத் தடுமாறியாவது அவன் குரல்ல அவன் வந்து சேருவான். பதிலை உன் வாயிலேயே வச்சுக்கிட்டுக் கேக்காத. கேட்டுட்டு வாயை மூடு. நெளிச்சலாத்தான் இருக்கும். இருக்கட்டும்."

சார் சொன்னதைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவை மூடி வைப்பது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மா எந்த வாத்தியாரிடம் படித்தாரோ தெரியாது.

மறுநாளே பேச்சியின் பட்டிக்குப் போனேன். மழை விட்டிருந்தது. மண் இன்னும் காயவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு முட்டி மடங்காது, கொஞ்சம் அசிங்கமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். அவள் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் உன்னைக் கேட்டிருக்கணும் பேச்சி. கேக்காதது என் தப்பு."

"நீங்க கேட்டிருந்தா நான் எண்ணெய்னு சொல்லியிருப்பேனாக்கும்? ஏசுவியன்னு பொய்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். எனக்குச் சப்பென்று போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு அதற்குக்கூட வழி விடவில்லை.

பேச்சை மாற்ற, "மொத்தம் ஒன்பதுதானே போச்சு?" என்றேன்.

"ஆமா சார்."

அவள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், பதிலை நானே அல்லவா கொடுத்துவிட்டேன்? மறுபடியும் கேட்டேன்.

"எத்தனை போச்சு பேச்சி?"

கேட்டுவிட்டு வாயை மூடினேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. அவள் தரையில் கிடந்த ஒரு ஆட்டுப் புழுக்கையை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. போகவில்லை.

"பதினாலு சார்" என்றாள்.

"ஒன்பதுன்னுதானே டாக்டரம்மாட்டயும் சொன்ன?"

"அஞ்சு குட்டி. பால்குடி மறக்காத குட்டி. அதுகளுக்கும் எண்ணெயை ஊத்திட்டேன். நீங்க வாரதுக்குள்ள காட்டோரம் கொண்டு போய்ப் புதைச்சிருவேன்."

"ஏன் பேச்சி?"

இதையும் கேட்டுவிட்டு இருந்தேன்.

"தினமும் அந்த மழையில வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்திய. வந்து ஒவ்வொரு ஆடா காதை வச்சுக் கேட்டிய. செத்ததைப் பார்த்தா உங்க முகம் ஒரு மாதிரி ஆயிரும். குட்டியும் போச்சுன்னா நீங்க தாங்கமாட்டியன்னுதான் சொல்லலை."

நான்கு நாள் அந்தப் பட்டியில் ஒரு நெஞ்சு விடாமல் காதை வைத்தேன். அவள் எனக்காக ஐந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் போய் வந்தது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. பேச்சிக்கு முன்னாலேயே அழுதேன். அவள் எழுந்து போகவும் இல்லை, அழாதீங்க என்று சொல்லவும் இல்லை. நான் முடிக்கிற வரைக்கும் சும்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள்.